குன்னூருக்குப் பணம் கொடுத்த அமெரிக்கர்

(எபிசோடின் திருத்தப்பட்ட எழுத்து வடிவம்)

இந்த எபிசோடை பெர்ன்ஹில்லில் உட்கார்ந்து பதிவு பண்றேன். பின்னாடி ஏதாவது சத்தம் கேட்டா அது காத்து. எடிட்டிங்ல முடிஞ்ச அளவுக்கு எடுத்திருக்கோம், முழுசா எடுக்க முடியல.

இன்னைக்குப் பேசப்போறது பெயர்களைப் பத்தி. மனுஷங்க பெயர் இல்ல, கட்டடங்களோட பெயர். யார் பணம் கொடுத்தாங்க, யார் பெயர் பலகையில ஏறிச்சு, அந்தக் கட்டடத்துக்கு அப்புறம் என்ன ஆச்சு. இதுக்கு நீலகிரியை விட வசதியான ஊர் எனக்குத் தோணல.

மேட்டுப்பாளையத்திலிருந்து ஏறும் மலை ரயில் 1899இல் குன்னூருக்கும் 1908இல் ஊட்டிக்கும் வந்தது. குன்னூர் தாண்டினா வெலிங்டன், அருவங்காடு, கேத்தி, லவ்டேல், அப்புறம் பெர்ன்ஹில்னு ஒரு சின்ன நிறுத்தம் இருந்தது, அதுக்குப் பிறகு ஊட்டி. இதுல வெலிங்டன் ஒரு பிரபுவின் பெயர். அந்த இடத்துக்கு முன்னாடி ஜக்கதளான்னு படகர் ஊர்ப்பெயர் இருந்தது. லவ்டேலில் இருக்கிற லாரன்ஸ் பள்ளி ஹென்றி லாரன்ஸ் பெயரில். ஊட்டியில் பிரீக்ஸ் பள்ளி, நீலகிரியின் முதல் கமிஷனராக இருந்து 1872இல் இறந்த ஜேம்ஸ் பிரீக்ஸ் நினைவாக. சேரிங் கிராஸில் செல்ஃபி எடுக்கிற அந்த நீரூற்று இருக்கே, அது ஆடம் ஃபவுண்டன். மெட்ராஸ் கவர்னரா பதவிக்கு வந்த சில மாசத்திலேயே, 1881இல், ஊட்டியில் இறந்துபோன வில்லியம் பேட்ரிக் ஆடம் நினைவா எழுப்பினது. காசு பொதுமக்கள்கிட்ட வசூல் பண்ணினது. பெயர் கவர்னருடையது.

கவனிச்சீங்களா? இதுல ஒருத்தர்கூட பணம் கொடுத்ததுக்காகப் பெயர் வாங்கினவர் இல்ல. பதவியில் இருந்தாங்க, பெயர் வந்தது. செயின்ட் ஸ்டீபன் சர்ச் இன்னும் சுவாரசியம். 1829இல் அடிக்கல் நாட்டினாங்க. உள்ளே இருக்கிற பெரிய உத்தரங்கள் ஸ்ரீரங்கப்பட்டணத்தில் திப்பு சுல்தானின் அரண்மனையிலிருந்து பிரிச்சு மலைமேல ஏத்தினவைன்னு சொல்லுவாங்க. அப்போ கவர்னரா இருந்தவர் பெயர் ஸ்டீபன் லஷிங்டன். சர்ச்சுக்கு வெச்சது புனிதர் ஸ்டீபனின் பெயர்தான், நான் ஒண்ணும் சொல்லல.

நான் இருக்கிற பெர்ன்ஹில் விஷயம் கொஞ்சம் வேற. இங்க இருக்கிற அரண்மனை 1840கள்ல ஓர் ஆங்கிலேயரின் வீடாகத் தொடங்கி, பிறகு மைசூர் மகாராஜா குடும்பத்தின் கோடைக்கால அரண்மனை ஆனது. அதே மைசூர் சமஸ்தானம்தான் பெங்களூரில் இந்திய அறிவியல் கழகத்துக்கு 371 ஏக்கர் நிலம் கொடுத்தது. பணத்துக்கும் திட்டத்துக்கும் மூலம் ஜாம்ஷெட்ஜி டாடா. 1909இல் நிறுவனம் உருவானபோது அதிகாரபூர்வப் பெயரில் டாடாவும் இல்லை, உடையாரும் இல்லை. ஆனா பெங்களூர்ல பழைய ஆட்கள் யாரைக் கேட்டாலும் அது "டாடா இன்ஸ்டிடியூட்"தான், பஸ் ஸ்டாப் உட்பட. பலகை ஒண்ணு சொல்லும், ஊர் வாய் வேற ஒண்ணு சொல்லும். இதை மனசுல வெச்சுக்கோங்க, திரும்ப வரும்.

சரி, மெயின் கதைக்கு வருவோம். பெர்ன்ஹில்லிலிருந்து திரும்ப இறங்கி குன்னூர். சிம்ஸ் பார்க் எதிரில் பாஸ்டர் இன்ஸ்டிடியூட். பார்க் பெயர் ஜே.டி. சிம் என்ற அரசு அதிகாரியுடையது. எதிர்க் கட்டடம் லூயி பாஸ்டர் பெயரில் இருக்கு. பாஸ்டர் இந்தியாவுக்கே வந்ததில்லை. அந்தக் கட்டடத்துக்கான பெரிய நன்கொடை வந்தது அமெரிக்காவின் பிட்ஸ்பர்க் நகர இரும்புப் பணத்திலிருந்து.

1902இல் லில்லி பேக்கன்ஹாம் வால்ஷ் என்ற இளம் பெண்ணை வெறிநாய் கடிச்சது. அப்போ இந்தியாவில் வெறிநாய்க்கடிக்கு பாஸ்டர் முறை சிகிச்சை கொடுக்கிற இடம் ஹிமாச்சல் பக்கம் கசௌலியில், 1900இல் தொடங்கினது. தெற்கே கடிபட்டவங்க நாடு முழுக்கக் கடந்து அங்க போகணும். இந்த நோயில் நேரம்தான் எல்லாமே. அறிகுறி வந்துட்டா அப்புறம் மருந்து கிடையாது, இன்னைக்கும் கிடையாது. அந்தப் பெண் இறந்துபோனார். தெற்கே ஒரு மையம் வேணும்ங்கிற பேச்சு சூடுபிடிச்சது. ஒரு வெள்ளைக்காரப் பெண் இறந்த பிறகுதான் சூடுபிடிச்சது என்பதையும் சொல்லியாகணும். அதுக்கு முன்னாடி கிராமங்கள்ல நாய் கடிச்சு இறந்தவங்களுக்கு யாரும் கணக்கே வைக்கல.

அந்த நேரத்தில் ஹென்றி ஃபிப்ஸ் என்பவர் வைஸ்ராய் கர்சனிடம் பணம் கொடுக்கிறார். ஆண்ட்ரூ கார்னகியின் சின்ன வயசு அக்கம்பக்கத்து நண்பர், பிறகு வியாபாரப் பங்காளி. கார்னகி ஸ்டீல் கம்பெனியை 1901இல் ஜே.பி. மார்கனுக்கு வித்தபோது கிடைச்ச செல்வத்தில் இவருக்கும் பெரிய பங்கு. மொத்தமா 30,000 பவுண்ட், அன்றைய கணக்கில் சுமார் நாலரை லட்சம் ரூபாய். இந்தியாவுக்குப் பயன்படுற ஏதாவது காரியத்துக்கு, முடிஞ்சா அறிவியல் ஆராய்ச்சிக்கு, மத்ததை நீங்களே முடிவு பண்ணுங்கன்னு கர்சன்கிட்ட விட்டுட்டார்.

இங்க ஒரு நிமிஷம். அந்தப் பணம் எங்கிருந்து வந்ததுன்னு கேட்காம தாண்டிப் போறது எனக்குப் பிடிக்கல. 1892இல் பிட்ஸ்பர்க் பக்கத்தில் ஹோம்ஸ்டெட் ஆலையில் தொழிலாளர் போராட்டம். கூலியைக் குறைக்கவும் சங்கத்தை உடைக்கவும் கம்பெனி பிங்கர்ட்டன் என்ற தனியார் காவல் படையை ஆற்றுவழியாக் கொண்டுவந்து இறக்கினது. துப்பாக்கிச் சண்டையில் ரெண்டு பக்கமும் உயிர்கள் போச்சு. ஃபிப்ஸ் அந்தக் கம்பெனியின் முக்கியப் பங்காளிகளில் ஒருவர். அடுத்த வருஷமே, 1893இல், பிட்ஸ்பர்க் நகரத்துக்கு அவர் கட்டிக்கொடுத்த பிரம்மாண்டமான கண்ணாடித் தாவரக்கூடம் திறக்கப்பட்டது. ஃபிப்ஸ் கன்சர்வேட்டரி. அவர் போட்ட நிபந்தனை, ஞாயிற்றுக்கிழமையும் திறந்திருக்கணும், ஏன்னா தொழிலாளிக்கு லீவு அன்னிக்குத்தான். நல்ல நிபந்தனைதான். வாரத்தில் மத்த ஆறு நாள் ஆலையில் என்ன நடந்ததுன்னும் யோசிக்கணும்.

பெரிய பணத்துக்குப் பின்னாடி இப்படி ஏதாவது இருக்கிறது புதுசில்ல. இதுல நம்ம சென்னைக்கு ரொம்பப் பழைய பங்கு உண்டு. எலிஹு யேல், 1687 முதல் 1692 வரை செயின்ட் ஜார்ஜ் கோட்டையின் தலைவர். ஊழல் புகாரில் பதவி போனவர். இங்க சேர்த்த செல்வத்தோட இங்கிலாந்து போய் உட்கார்ந்திருந்தார். அமெரிக்காவில் தத்தளிச்சுக்கிட்டிருந்த ஒரு சின்னக் கல்லூரி சார்பா அவருக்குக் கடிதம் போனது: நீங்க கைகொடுத்தா கல்லூரிக்கே உங்க பெயர் வரும்னு ஜாடையா. 1718இல் ஒன்பது பொதிச் சரக்கு, 417 புத்தகம், அரசர் ஜார்ஜின் படம் ஒண்ணு அனுப்பினார். சரக்கை வித்ததில் வந்தது 562 பவுண்ட். அதுக்குக் கிடைச்ச பெயர் யேல். உலகத்திலேயே மலிவா வாங்கின பல்கலைக்கழகப் பெயர்னு நான் அடிச்சுச் சொல்லுவேன்.

ஃபிப்ஸ் கொடுத்த பணத்தை கர்சன் ரெண்டாப் பிரிச்சார். ஒரு லட்சம் ரூபாய் குன்னூருக்கு. மிச்சம் பீகாரில் பூசா என்ற ஊரில் வேளாண் ஆராய்ச்சி நிறுவனத்துக்கு. பூசாவில் 1905இல் கர்சனே அடிக்கல் நாட்டினார். பெரிய மாளிகை மாதிரிக் கட்டடம். அதுக்கு ஃபிப்ஸ் லேபரட்டரின்னு முறையா பெயர் வெச்சாங்க. ஊர் மக்கள் அதை நவ்லாகான்னு கூப்பிட்டாங்க, ஒன்பது லட்சம் செலவாச்சுன்னு. பாருங்க, ஊர் வாய்க்கு நன்கொடையாளர் பெயர் ஏறல, பில் தொகைதான் ஏறிச்சு.

குன்னூரில் 1907இல் தென்னிந்திய பாஸ்டர் நிறுவனம் வேலையைத் தொடங்கினது. ஃபிப்ஸ் பணத்தோட உள்ளூர் நன்கொடைகளும் சேர்ந்தது. நிறுவனத்தின் பெயரில் ஃபிப்ஸ் இல்லை.

இப்போ அடுத்த முப்பது வருஷத்தைத் தாண்டுவோம். 1934 ஜனவரி 15. பீகார் பூகம்பம். பெயர் போட்ட அந்த மாளிகை சரிசெய்ய முடியாத அளவுக்கு நொறுங்கிப்போச்சு. நிறுவனத்தையே பெயர்த்து 1936இல் டெல்லிக்குக் கொண்டுபோனாங்க. கூடவே போன பெயர் எது? ஃபிப்ஸ் இல்ல, பூசா. டெல்லியில் அந்த வளாகம் பூசா, ரோடு பூசா ரோடு, உங்க வீட்டுப் பிரியாணி அரிசி பூசா பாஸ்மதி. "ஃபிப்ஸ் ஆஃப் யுஎஸ்ஏ" சுருங்கித்தான் பூசா ஆச்சுன்னு ஒரு கதை சுத்துது, வாட்ஸ்அப்புக்கு முன்னாடி காலத்துக் கதை. அது கட்டுக்கதை. ஃபிப்ஸ் வர்றதுக்கு ரொம்ப முன்னாடியே அந்தக் கிராமத்துக்குப் பூசான்னுதான் பெயர். ஒரு பீகார் கிராமத்தின் பெயர் நின்னது, கோடீஸ்வரர் பெயர் நிக்கல.

அவர் பெயர் இல்லாத குன்னூர்க் கட்டடமோ வேலை செஞ்சுக்கிட்டே இருந்தது. தொப்புளைச் சுத்தி பதினாலு ஊசின்னு உங்க தாத்தா பாட்டி பயமுறுத்தியிருப்பாங்களே, ஆட்டு மூளைத் திசுவில் தயாரிச்ச அந்த மருந்து இங்கதான் பல பத்தாண்டுகள் தயாரானது. 1918இல் இதே வளாகத்தில் ஒரே ஒரு அறையில் ராபர்ட் மெக்கரிசன் பெரிபெரி நோய் பத்தின ஆய்வைத் தொடங்கினார். அந்த அறை வளர்ந்து ஊட்டச்சத்து ஆராய்ச்சிக்கூடம் ஆகி, 1958இல் ஹைதராபாத் போய், இன்னைக்கு நாம தேசிய ஊட்டச்சத்து நிறுவனம்னு சொல்ற அமைப்பா ஆச்சு. ஒரு சாதம் சாம்பார்ல எவ்வளவு புரதம்னு நீங்க கூகுள் பண்ணும்போது வர்ற நம்பருக்குப் பின்னாடி குன்னூரில் ஓர் அறை இருக்கு. அந்த அறையை "நேமிங் ஆப்பர்ச்சூனிட்டி"ன்னு யாரும் விக்கல.

இதை வெச்சு "பெயர் போட்டா விழும், போடலன்னா நிக்கும்"னு நான் சொல்ல வரல. பூகம்பம் கல்வெட்டைப் படிச்சுட்டு வராது. குன்னூருக்கும் அடி விழுந்தது, அது வேற மாதிரி அடி. 2008 ஜனவரியில் குன்னூர், கசௌலி, கிண்டி ஆகிய மூணு அரசு தடுப்பூசி நிறுவனங்களின் உற்பத்தி உரிமம் நிறுத்தி வைக்கப்பட்டது. காரணம், நல்ல உற்பத்தி நடைமுறைன்னு சொல்ற தரத்துக்குக் கட்டடமும் வசதிகளும் இல்லை. குன்னூர் அப்போ முத்தடுப்பு ஊசி தயாரிச்சு நாட்டின் தடுப்பூசித் திட்டத்துக்கு அனுப்பிக்கிட்டிருந்த இடம். பெரிய சர்ச்சையாச்சு, உச்ச நீதிமன்றம் வரைக்கும் போச்சு. 2010இல் தடையை நீக்கினாங்க. ஆனா தரத்துக்கு ஏத்த புது உற்பத்திக்கூடம் எழுப்பி முடிக்க அதுக்கப்புறமும் வருஷங்கள் ஆச்சு.

என் பார்வையில் இதுதான் கதையின் மையம். 1900களில் கட்டறதுக்கு ஒரு லட்சம் கொடுக்க ஆள் இருந்தது. நூறு வருஷம் கழிச்சு காற்று வடிகட்டியை மாத்தவும், தரையைச் சரிபண்ணவும், குழாயைப் புதுப்பிக்கவும் கொடுக்கிற ஆள் யார்? அதுல யாரோட பெயரைப் போடுவீங்க?

போன மாசம் வெளிநாட்டில் படிச்ச ஒரு லிசனர் தன் பல்கலைக்கழகத்திலிருந்து வந்த பிடிஎஃப்பை அனுப்பியிருந்தார். புதுசா பசுமைக் கட்டடம் கட்டறாங்க. எந்த இடத்துக்கு உங்க பெயர் வைக்கலாம்னு மெனு கார்டு மாதிரி பட்டியல். முகப்புக் கூடம், வகுப்பறை, மாடித்தோட்டம், படிக்கட்டு, பெஞ்ச்கூட உண்டு. மழைநீர்த் தொட்டி இல்லை. சுவருக்குள்ள இருக்கிற வெப்பக்காப்பு இல்லை. பம்ப் இல்லை. ஒரு கட்டடத்தைப் பசுமையாக்குறது எதுவோ அது கண்ணுக்குத் தெரியாது, கண்ணுக்குத் தெரியாததில் பலகை மாட்ட முடியாது. "இதுக்கு நான் கொடுக்கலாமா?"ன்னு கேட்டிருந்தார்.

நம்ம பக்கத்தில் இதுக்கு ஆயிரம் வருஷம் முன்னாடி ஒரு ஏற்பாடு இருந்தது. தஞ்சைப் பெரிய கோயிலில் ராஜராஜன் தான் கொடுத்தது, அக்கா குந்தவை கொடுத்தது, தன் மனைவிமார் கொடுத்தது, மத்தவங்க கொடுத்தது எல்லாத்தையும் கல்லில் வெட்டச் சொன்னான். நன்கொடையாளர் பலகைதான் அது, கூச்சமே இல்லாம. ஆனா அந்தக் கல்வெட்டுகளையும் மத்த சோழர் கல்வெட்டுகளையும் படிச்சா ஒரு வித்தியாசம் தெரியும். அதுல பெரும்பகுதி இயங்குற செலவுக்கானது. நந்தா விளக்கு, அதாவது அணையாமல் எரியும் விளக்கு. அதுக்கு ஒருத்தர் 96 ஆடு கொடுப்பார், சில ஊர்களில் 90. ஆடுகளை இடையர்கள் பொறுப்பில் விடுவாங்க. அவங்க தினம் ஓர் உழக்கு நெய் கோயிலுக்கு அளக்கணும். ஆடு சாகும், குட்டி போடும், மந்தை எண்ணிக்கை மாறக்கூடாது. அதனால அந்த மந்தைக்குக் கல்வெட்டில் பெயர், சாவா மூவாப் பேராடு. சாகாத, மூப்படையாத ஆடு. முதலைத் தொடாம வட்டியில் காரியம் நடத்துற அறக்கட்டளை நிதியை இதைவிட அழகா யாரும் விளக்கினதில்ல.

அந்த நன்கொடையாளர் பெயரைக் கல்லில் படிக்கிறவனுக்கு ஒரு வசதி இருந்தது. விளக்கு எரியுதா இல்லையான்னு அங்கேயே பார்த்துக்கலாம். எரியலன்னா யார் பொறுப்புன்னு பக்கத்திலேயே எழுதியிருக்கும். இதுலயும் ஒரு உறுத்தல் இருக்கு. சூரியன் சந்திரன் உள்ள வரைக்கும் நெய் அளக்க வேண்டிய கடமை இடையர் குடும்பங்களின் தலையில், வாரிசுகள் வரைக்கும். புண்ணியம் ஒருத்தருக்கு, பராமரிப்பு இன்னொருத்தருக்கு.

இப்போ நடக்கிறதுக்கு வருவோம். ஹைதராபாத்தில் சோராப்ஜி கோத்ரெஜ் பசுமை வணிக மையம், 2004இல் அப்துல் கலாம் திறந்துவைத்தது. லீட் பிளாட்டினம் தரச்சான்று வாங்கின முன்னோடிக் கட்டடம், பெயர் ஒரு தொழிலதிபருடையது. 2024இல் சென்னை ஐஐடிக்கு முன்னாள் மாணவர் கிருஷ்ணா சிவுகுலா 228 கோடி கொடுத்தார், ஒரு கல்விக் கட்டடத்துக்கு அவர் பெயர் வந்தது. பெயர் வைக்கிறதில் எனக்குப் பெரிய ஆட்சேபம் இல்லை. அதுக்காகவாவது பணம் வரட்டும். 2023இல் பாம்பே ஐஐடியில் இதுக்கு நேர் எதிரா ஒண்ணு நடந்தது. பசுமை ஆற்றல், நிலைத்தன்மை ஆராய்ச்சி மையம் அமைக்க ஒரு முன்னாள் மாணவர் 160 கோடி கொடுத்தார், பெயர் சொல்லக்கூடாதுன்னு சொல்லிட்டார். கோயில் உண்டியலில் போடுற மாதிரி.

எனக்கு அந்த உண்டியல் பிடிக்கும். ஆனா உண்டியலில் ஒரு சிக்கல் உண்டு, போட்டவரால திரும்ப வந்து கேள்வி கேட்க முடியாது. பெயர் போட்டவரோட பேரப்பிள்ளை வந்து "தாத்தா பெயர் போட்ட கட்டடத்தில் ஏன் ஒழுகுது?"ன்னு கேட்கலாம். ஃபிப்ஸ் குடும்பத்திலிருந்து யாரும் குன்னூருக்கு வந்து 2008இல் அப்படிக் கேட்கல, கேட்க அங்க பலகையும் இல்லை.

பிட்ஸ்பர்க் ஃபிப்ஸ் கன்சர்வேட்டரி என்னாச்சுன்னு பார்த்தேன். இன்னும் இருக்கு. அதே வளாகத்தில் 2012இல் நிலைத்த நிலவடிவமைப்பு மையம்னு ஒரு புதுக் கட்டடம் திறந்தாங்க. தனக்கு வேண்டிய மின்சாரத்தைத் தானே தயாரிக்குது, மழைநீரையும் கழிவுநீரையும் வளாகத்துக்குள்ளேயே சுத்தம் பண்ணுது. லிவிங் பில்டிங் சேலஞ்ச்னு ஒரு கடுமையான சான்றிதழ் இருக்கு. மத்த சான்றிதழ் பலதுல வரைபடத்தையும் பொருட்களையும் கணக்குகளையும் காட்டினா பெரும்பாலும் போதும். இதுல கட்டடம் திறந்து, ஆட்கள் உள்ளே புழங்கி, தொடர்ந்து பன்னிரண்டு மாசம் மீட்டரில் என்ன ஓடிச்சுங்கிற கணக்கைக் காட்டணும். விளக்கு எரியுதான்னு பார்த்துட்டுத்தான் சான்று. இவங்களுக்கு அது 2015இல் கிடைச்சது.

அந்த லிசனருக்கு நான் எழுதினது இவ்வளவுதான். கொடுங்க. ஆனா பெஞ்சுக்குக் கொடுக்காதீங்க. முதல் பத்து வருஷப் பம்ப், வடிகட்டி, தொட்டி பராமரிப்புக்குன்னு தனி நிதி வெச்சிருக்காங்களான்னு கேளுங்க. இருந்தா அதுல போடுங்க, உங்க பெயரை பம்ப் ரூம் கதவில் மாட்டச் சொல்லுங்க. வருஷா வருஷம் மீட்டர் ரீடிங் உங்களுக்கு மெயிலில் வரணும்னு ஒரு வரியையும் சேர்த்துக்கோங்க.